சகலைகளும் சாய்ந்த மேஜையும்

என் பெரியப்பாவோடு தெருவில் நடந்தால் ஊரைப் பார்க்க முடியாது. தரையைத்தான் பார்க்க வேண்டும். டைல்ஸ் ஒட்டுவது அவர் தொழில். முப்பத்தொரு வருடமாக ஒட்டுகிறார். மருத்துவமனை வராந்தா, ரயில் நிலையத்தின் காத்திருப்பு அறை, மூன்று பள்ளிக்கூடங்கள், கணக்கில் அடங்காத குளியலறைகள். "இந்த ஊர்ல பாதிப் பேரு என் மேலதான் நடந்து போறான்" என்பார். பெருமையாகச் சொல்வதும் உண்டு, முழங்கால் வலிக்கிற நாளில் வேறு மாதிரி சொல்வதும் உண்டு.

எல்லோரும் அவரை ரசமட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். கொத்தனார் கையில் இருக்குமே, கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி மிதக்கிற கருவி, அதுதான். குமிழி நடுவில் நின்றால் தரை நேர்; ஒதுங்கினால் கோணல். பெரியப்பாவுக்கு அந்தக் கருவியே தேவையில்லை என்பார்கள் கூட வேலை செய்பவர்கள். சட்டைப் பையில் எப்போதும் ஒரு இரும்புக் குண்டு வைத்திருப்பார், பேரிங்கிலிருந்து கழற்றியது. புது இடத்துக்குப் போனால் பேச்சோடு பேச்சாக அதைத் தரையில் விட்டு, எந்தப் பக்கம் உருளுகிறது என்று பார்ப்பார்.

கல்யாணப் பேச்சுக்காக பெரியம்மா வீட்டுக்கு முதல் முறை போனபோதும் விட்டாராம். குண்டு நேராக அடுக்களைக்குள் போய்விட்டது. பெரியம்மாதான் எடுத்து வந்து கொடுத்தார்.

"எங்க வீட்டுத் தரை கோணலா?"

"ஒரு அரை அங்குலம்."

"தரைதான் கோணல். ஆளுங்க நேராத்தான் இருக்கோம்."

அதற்குப் பிறகு பேச்சு நடத்த வேண்டிய அவசியமே இல்லாமல் போனது என்று பெரியம்மா இன்றைக்கும் சொல்வார்.

பெரியம்மாவின் தங்கை என் அம்மா. ஆக, என் அப்பாவும் பெரியப்பாவும் சகலைகள். அப்பா மின்வாரியத்தில் மீட்டர் ரீடர். நாய் துரத்துகிற வீடுகளில் மீட்டர் பார்த்துப் பழகியவர், அதனால் எதையும் ஒரு முறைதான் பார்ப்பார். பார்த்ததும் குறித்துக்கொண்டு நகர்ந்துவிடுவார். பேசுவது மட்டும் நிற்காது. பெரியப்பா அதற்கு நேர் எதிர். ஒரு சொல்லை எடுத்து, திருப்பிப் பார்த்து, விளிம்பு உடைந்திருக்கிறதா என்று சோதித்த பிறகுதான் வைப்பார்.

அக்காவும் தங்கையும் கூடிப் பேசும் ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த இரண்டு ஆண்களும் எதிரெதிர் நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது ஞாயிறு பெரியப்பா எழுந்து, "சகல, நடந்துட்டு வருவமா?" என்றார். நடந்து போய்ச் சேர்ந்த இடம் ஒரு மெத்தைக் கடையின் மாடி. அங்கே ஒரு பூல் கிளப், மேஜையில் ஸ்டிக்கால் பந்தைக் குழிக்குள் தள்ளும் ஆட்டம். இரண்டு பேரும் நடைப்பயிற்சி செய்வதாக வீட்டில் நான்கு வருடம் நம்பினார்கள். தொப்பை குறையவில்லையே என்று அம்மா ஒரு நாள் பின்னாலேயே போய்ப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

அந்த கிளப்பில் ஒரே ஒரு மேஜை. அதன் இடது கோடி மூலைக் குழிக்கு ராசியான குழி என்று பெயர். மெதுவாக உருட்டிவிட்ட பந்து எப்படியாவது அந்தப் பக்கம் ஒதுங்கிப் போய் விழும். உறுப்பினர்கள் எல்லோருக்கும் அதில் நம்பிக்கை இருந்தது. அப்பாவுக்கு எல்லோரையும்விட அதிகம். "அந்த மூலைன்னா எனக்குக் கண்ணை மூடிட்டு அடிக்கலாம்" என்பார். பதினெட்டு வருடம் ஆடி ஆடி, எல்லோருடைய கையும் தானாகவே ஒரு விரல்கடை தள்ளிக் குறிவைக்கக் கற்றிருந்தது. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. ராசிக்குக் காரணம் கேட்பவர் உண்டா?

பெரியப்பா ஒருவருக்குத்தான் காரணம் தெரியும். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

*

எங்கள் நாட்டில் பூல் ஆடுபவர்கள் எல்லோரையும் ஒரே பேருந்தில் ஏற்றிவிடலாம், நாலைந்து பேர் நின்றுகொண்டு வரத் தயார் என்றால். அதனால் பதினாறு நாடுகள் ஆடும் இரட்டையர் போட்டிக்கு அழைப்பு வந்தபோது, தேர்வுக்கு எட்டு ஜோடிகளைச் சேர்ப்பதே சங்கச் செயலாளருக்குப் பெரும்பாடாகிவிட்டது. செயலாளர்தான் பயிற்சியாளர், செயலாளர்தான் சட்டை வாங்கி வருபவர். மொத்தம் மூன்று கிளப்புகள். ஒன்றில் வெள்ளையடிப்பு, இன்னொன்றில் கூரை ஒழுகல். தேர்வு மெத்தைக் கடை மாடியில் நடந்தது.

இரட்டையர் ஆட்டத்தில் ஒருவர் அடித்ததும் அடுத்த அடி கூட்டாளிக்கு. பந்து விழுந்தாலும் அப்படித்தான். மேஜையில் ஒன்பது பந்து. வெள்ளைப் பந்தால் அடித்து, எண் குறைந்ததை முதலில் தொட வேண்டும். ஒன்பதாம் பந்தைக் குழியில் போடுகிறவர்கள் அந்தச் சுற்றை ஜெயித்தவர்கள். இதில் கெட்டிக்காரத்தனம் என்பது பந்தைப் போடுவதில் மட்டும் இல்லை. போட்ட பிறகு வெள்ளைப் பந்தைக் கூட்டாளிக்கு வாகான இடத்தில் விட்டுவைக்க வேண்டும். சகலைகள் அதில் கில்லாடிகள். அப்பா எங்கே கொண்டுபோய் விடுவார் என்று பெரியப்பாவுக்கு முன்கூட்டியே தெரியும். பாதி நாள் அவர் அங்கே போய் நின்றுகொண்டிருப்பார்.

தேர்வின் கடைசி ஆட்டம் ஒரு வக்கீலுக்கும் அவர் மனைவிக்கும் எதிராக. அந்த அம்மா பிசியோதெரபி மையம் நடத்துபவர்; இருவரும் ஆடுவது கூரை ஒழுகும் கிளப்பில். இந்த இருவரும்தான் நாட்டிலேயே சிறந்த ஜோடி என்று பேச்சு. ஆறுக்கு ஆறு வந்து நின்றது. கடைசிச் சுற்றில் ஒன்பதாம் பந்தை அந்த அம்மா மெதுவாக உருட்டினார். பந்து நேராகப் போய்க்கொண்டே இருந்து, கடைசி இரண்டு சாணில் மனசு மாறினாற்போல் இடது பக்கம் சாய்ந்து, குழியின் விளிம்பில் தட்டி நின்றது. அவர் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார். அப்பா மிச்சத்தை முடித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். பெரியப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எப்போதும் பார்க்கிறவர்தானே என்று அன்றைக்கு அதை நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒவ்வொரு நாடும் ஒரு மாற்று ஜோடியையும் அழைத்துப் போகலாம். வக்கீல் தம்பதி மாற்று ஜோடி. நான் விடுப்புப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்கப் போனேன்.

செயலாளர் எல்லாச் சட்டைகளையும் ஒரே அளவில் எடுத்துவிட்டார், அவருடைய அளவில். அப்பாவுக்கு அது சரியாக இருந்தது. பெரியப்பாவுக்குத் தொடை வரை தொங்கியது. வக்கீலின் மனைவிக்குச் சட்டைக் கை முழங்கையைத் தாண்டி இறங்கியது. "தைக்கக் குடுக்கலாமா?" என்று அவர் கேட்டதற்கு, "தேசியச் சட்டைங்க, கத்திரி வைக்கக் கூடாது" என்றார் செயலாளர். அப்படி ஒரு விதி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

*

போட்டி நடந்த கூடம் பரீட்சை அறை மாதிரி இருந்தது. எட்டு மேஜைகள், ஒவ்வொன்றின் மேலும் வெள்ளை விளக்கு, மற்ற இடமெல்லாம் அரை இருட்டு. நீலத்துணி அவ்வளவு புதிது, அதில் விரல் வைக்கவே கூச்சமாக இருக்கும். முதல் நாள் காலை, பயிற்சிக்குக் கொடுத்த அரைமணி நேரத்தில், பெரியப்பா ஸ்டிக்கைத் தொடவே இல்லை. மேஜை விளிம்பில் தாடையை வைத்துக் குனிந்து, துணியின் மேல் கண்ணை ஓட்டினார். பிறகு வெள்ளைப் பந்தை எடுத்து மெல்ல உருட்டிவிட்டார். அது கோடு கிழித்த மாதிரி போய், எதிர் விளிம்பில் முட்டி, வந்த வழியே திரும்பி வந்தது.

"என்ன சகல, மேஜை எப்படி?" என்றார் அப்பா.

"நேரா இருக்கு."

"நல்லதுதானே."

அந்தக் கூடத்தில் இருந்த முப்பத்துச் சொச்சம் ஆட்டக்காரர்களில், மேஜை நேராக இருப்பதைப் பார்த்து முகம் வாடியவர் பெரியப்பா ஒருவராகத்தான் இருந்திருப்பார்.

முதல் ஆட்டம் மஞ்சள் சட்டை போட்ட இரண்டு நெட்டை அண்ணன் தம்பிகளோடு. முதலில் ஏழு சுற்று எடுப்பவருக்கு வெற்றி. வேகமாக அடித்த பந்துகள் விழுந்தன. மெதுவாக உருட்டியவை ஒன்றுகூட விழவில்லை. எல்லாம் ஒரே பக்கம், ஒரே விரல்கடை. அப்பா ஒவ்வொரு முறையும் ஸ்டிக் நுனியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அதற்குள் யாரோ பேய் வைத்துவிட்டது மாதிரி. பெரியப்பா எதையும் பார்க்கவில்லை. பந்து எங்கே தவறும் என்று அடிப்பதற்கு முன்பே தெரிந்தவர் முகம் அவருக்கு. கை கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஏழுக்கு ஒன்று. அந்த ஒன்றும் மஞ்சள் சட்டைக்காரர்கள் செய்த தவறால் வந்தது.

கை குலுக்கும்போது மூத்தவர் பெரியப்பாவிடம், "தேங்க் யூ, சகலா" என்றார். பிறகு அப்பாவிடமும், "தேங்க் யூ, சகலா" என்றார். ஆட்டம் முழுக்க இவர்கள் ஒருவரை ஒருவர் அப்படியே கூப்பிட்டுக்கொண்டிருந்ததால், இருவருக்கும் ஒரே பெயர் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

"பேரை மட்டும் நல்லாச் சம்பாதிச்சிட்டோம்" என்றார் அப்பா.

*

மறுநாள் எங்களுக்கு ஆட்டம் கிடையாது. விடுதியில் காலைச் சாப்பாட்டு மேஜையில் ஆறு பேரும் உட்கார்ந்திருந்தோம். ரொட்டி, முட்டை, யாரும் தொடாத ஒரு கிண்ணம் பழத்துண்டு. செயலாளர் ஆறுதல் சொல்லும் பொறுப்பை ஏற்றுக்கொண்டார்.

"முதல் ஆட்டம். டென்ஷன். மறந்துடுங்க. நாளைக்கு பச்சைச் சட்டைக்காரங்க, அவங்க இவங்க அளவுக்கு இல்ல."

"டென்ஷன் இல்லைங்க" என்றார் பெரியப்பா. "மேஜை."

"மேஜைக்கு என்ன?"

"நேரா இருக்கு."

செயலாளர் முட்டையைப் பாதியில் நிறுத்தினார். பெரியப்பா கையைத் துடைத்துக்கொண்டு, வக்கீலையும் அவர் மனைவியையும் பார்த்துப் பேசினார். அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

"மெத்தைக் கடை மாடி மேஜை கோணல். ஒரு கோடிக்கும் இன்னொரு கோடிக்கும் கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் கம்மி. ராசியும் இல்ல, ஒண்ணும் இல்ல. தேர்வு அன்னைக்கு அம்மா அடிச்ச பந்து நேரான அடி. மேஜை நேரா இருந்திருந்தா அது விழுந்திருக்கும். இங்க ஆட வேண்டியது நீங்க. நாங்க இல்ல."

பக்கத்து மேஜையில் யாரோ கரண்டியைக் கீழே போட்டார்கள்.

வக்கீலுக்குத் தொழில் புத்தி முந்திக்கொண்டது. "எத்தனை வருஷமாத் தெரியும்?"

"பதினெட்டு. முதல் நாளே குண்டை விட்டுப் பார்த்தேன்."

"தேர்வு அன்னைக்கு ஞாபகம் இருந்துச்சா?"

"ஒவ்வொரு அடிக்கும்."

"அப்ப ஏன் சொல்லல?"

"முதல் நாளே சொல்லியிருக்கணும். ரெண்டாம் நாள் ஜெயிச்சிட்டேன். அப்புறம் வாய் வரல."

வக்கீலின் மனைவி மெதுவாக, "நான் ஃபேன் காத்துன்னு நினைச்சேன்" என்றார். "வீட்டுக்குப் போய் இவர்கிட்ட சண்டை வேற. ஃபேனை நிறுத்தச் சொல்லியிருக்கக் கூடாதான்னு ரெண்டு நாள் பேசல."

"மூணு நாள்" என்றார் வக்கீல்.

எல்லோரும் பெரியப்பாவையே பார்த்துக்கொண்டிருந்ததில் அப்பாவை யாரும் கவனிக்கவில்லை. அவர் ரொட்டியைக் கையில் பிடித்தபடி அப்படியே இருந்தார். கடைசியில், "சகல" என்றார். "அப்ப பதினெட்டு வருஷமா அந்த மூலையில நான் நல்லா ஆடலையா?"

பெரியப்பா யோசித்தார். பொய் சொல்வதற்கு இல்லை, உண்மையை எந்தப் பக்கமாக வைப்பது என்று.

"நல்லா ஆடினீங்க. அந்த மேஜைக்கு."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா நீங்க யார்கிட்ட சொல்லியிருக்க மாட்டீங்க?"

மின்வாரியத்தில் வேலை செய்யும் அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கும்.

செயலாளர் இப்போது கையை விரித்தார். "போனது போகட்டும். பேரு குடுத்தாச்சு. பேசாம சாப்பிடுங்க."

"பேரை இன்னிக்கு அஞ்சு மணி வரைக்கும் மாத்தலாம்னு உங்க தாள்லயே போட்டிருக்கு" என்றார் பெரியப்பா. "நாளைக்கு இவங்க ஆடட்டும்."

வக்கீல் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். விட்டுக்கொடுத்ததை வாங்கிக்கொள்வது ஒரு வக்கீலுக்கும் கஷ்டம் போல. மனைவியைப் பார்த்தார். மனைவி மறுத்துத் தலையை ஆட்டினார்.

"தானமா எல்லாம் வேண்டாம்ண்ணே" என்றார் அந்த அம்மா. "பின்னால பயிற்சி மேஜை இருக்கு. மத்தியானம் ரெண்டு மணியிலிருந்து நம்ம நேரம். தேர்வுக் கடைசி ஆட்டத்தைத் திரும்ப ஆடுவோம். அஞ்சு சுற்று எடுக்கறவங்க நாளைக்கு ஆடட்டும். நேரான மேஜையில."

பெரியப்பா அப்பாவைப் பார்த்தார்.

"என்னை எதுக்குப் பாக்கறீங்க?" என்றார் அப்பா. "நான்தான் இத்தனை நாளா ஆடவே இல்லையே."

*

பயிற்சி அறை கூடத்துக்குப் பின்னால், சாமான் லிஃப்டுக்குப் பக்கத்தில் இருந்தது. ஜன்னல் இல்லை. அடுக்கிய நாற்காலிகள், சுருட்டி வைத்த கம்பளம், நடுவில் ஒரு மேஜை. சுவருக்கு அந்தப் பக்கம் உலகப் போட்டியின் கைதட்டல் மழை மாதிரி வந்து வந்து நின்றது. இந்தப் பக்கம் பார்வையாளர் என்று நான் ஒருவன். செயலாளர் நடுவர், ஐந்து மணிக்குள் கொடுக்க வேண்டிய தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

பெரியப்பா இரும்புக் குண்டை எடுத்து வக்கீலிடம் கொடுத்தார். "நீங்களே விட்டுப் பாருங்க. அப்புறம் பேச்சு வரக் கூடாது."

வக்கீல் நான்கு பக்கமும் விட்டுப் பார்த்தார். குண்டு எங்கும் ஒதுங்கவில்லை.

முதல் இரண்டு சுற்றும் வக்கீல் பக்கம் போயின. அப்பா காலையில் வந்த கோபத்தில் எதையும் பார்க்காமல் அடித்தார்; பெரியப்பா எல்லாவற்றையும் அளவுக்கு மீறிப் பார்த்தார். குறியை நேராக வைப்பார், கடைசி நொடியில் கை தானாக ஒரு விரல்கடை நகரும். பதினெட்டு வருடக் கை அது. ஒரு நாள் காலையில் ஒப்புக்கொண்டுவிட்டோம் என்பதற்காகத் திருந்திவிடுமா?

மூன்றாவது சுற்றுக்கு முன் அப்பாதான் பேசினார். காலையிலிருந்து முதல் தடவையாக.

"சகல, மெதுவா உருட்டினாத்தான் உங்க கை பழசை நினைக்குது. பயப்படாம அடிங்க. வேகமா அடிச்ச பந்து நேத்து எல்லாமே விழுந்துச்சு."

"வேகமா அடிச்சா வெள்ளை எங்க போய் நிக்கும்னு தெரியாதே."

"அது எங்க நின்னாலும் அடுத்த அடி என்னுது. எனக்குக் கவலையே இல்ல. நீங்க ஏன் கவலைப்படறீங்க?"

பெரியப்பாவின் முகத்தில் ஏதோ ஒன்று இளகியது. அடுத்த பந்தை அவர் அடித்த அடியில் அது குழியின் பின்சுவரில் மோதி உள்ளே போயிற்று. வெள்ளைப் பந்து மேஜையைச் சுற்றி ஓடி, எவருக்கும் வாகில்லாத ஓர் இடத்தில் நின்றது. அப்பா ஒரே பார்வை பார்த்து, அங்கிருந்தே அடுத்த பந்தையும் போட்டார். வாழ்நாள் முழுக்கப் பூட்டிய கதவுக்கும் நாய்க்கும் நடுவில் நின்று எண் படித்தவருக்கு வாகான இடம் எதற்கு?

ஒன்றுக்கு இரண்டு. இரண்டுக்கு இரண்டு. பிறகு ஆளுக்கு ஒன்றாக ஏறி, நான்குக்கு நான்கு.

கடைசிச் சுற்றில் ஒவ்வொரு பந்தாக விழுந்து, எட்டும் ஒன்பதும் மட்டும் மிஞ்சின. அடி வக்கீலின் மனைவியுடையது. எட்டு மூலைக் குழிக்கு ஒரு சாண் தூரத்தில். ஒன்பது அடுத்த மூலைக்கு மூன்று சாண் தூரத்தில், ஓரத்தைத் தொடாமல், நேராக உள்ளே போகும் நிலையில். அவர் எட்டைப் போட்டால் போதும், ஒன்பதைக் கணவர் கண்ணை மூடிக்கொண்டு முடிப்பார். செயலாளர் பேனாவை எடுத்துவிட்டார். பெரியப்பா சுவரோரம் நின்று கையைக் கட்டிக்கொண்டார். அவர் முகத்தில் வருத்தம் இருந்தது. ஆனால் நேற்று பார்த்த அந்த வாட்டம் அதில் இல்லை.

அந்த அம்மா குனிந்தார். ஒன்பதைத் தாண்டிக் கையை ஊன்ற வேண்டியிருந்தது. ஊன்றினார், குறி பார்த்தார், பிறகு அடிக்காமலே நிமிர்ந்தார்.

"பட்டுடுச்சு" என்றார்.

"என்ன பட்டுச்சு?" என்றார் வக்கீல்.

"சட்டைக் கை. ஒன்பது நகர்ந்துடுச்சு. ஃபவுல்."

"யாரும் பாக்கலையே."

"நான் பாத்தேனே."

வக்கீல் செயலாளரைப் பார்த்தார். செயலாளர், "எனக்குத் தெரியலைங்க" என்றார். என்னைப் பார்த்தார். நானும் பார்க்கவில்லை. பந்து அரை அங்குலம் நகர்ந்திருந்தால் அதிகம்.

"காலைல இந்த அண்ணன் வாயைத் திறக்காம இருந்திருந்தா நானும் இப்பத் திறந்திருக்க மாட்டேன்" என்று சொல்லி, அந்த அம்மா வெள்ளைப் பந்தை எடுத்து அப்பாவின் கையில் வைத்தார். "உங்க வீட்டு வியாதி எங்களுக்கும் ஒட்டிக்கிச்சு."

"வந்த அன்னைக்கே தைக்கக் குடுத்திருக்கலாம்" என்று வக்கீல் முணுமுணுத்தார். செயலாளர் காதில் விழாத மாதிரி தாளை மறுபடி மடித்தார்.

இனி வெள்ளையை எங்கே வேண்டுமானாலும் வைத்து அடிக்கலாம். அப்பா ஒரே பார்வை பார்த்து, வைத்து, அடித்தார். எட்டு விழுந்தது. வெள்ளை நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. மேஜை ஓரத்துக் குஷனில் முட்டி, மேஜையின் மொத்த நீளமும் திரும்பி வந்து, ஒன்பதுக்கு எதிர்க் கோடியில், ஓரத்தை ஒட்டிப் படுத்துக்கொண்டது.

"சகல, கொஞ்சம் ஓடிடுச்சு."

"கொஞ்சமா?"

ஒன்பதும் நகர்ந்ததில் ஓரக் குஷனை ஒட்டி நின்றது. வேகமாக அடித்தால் குழியின் உதட்டில் இரண்டு பக்கமும் தட்டி வெளியே வந்துவிடும். மெதுவாக உருட்டியே ஆக வேண்டும். மூன்றாவது சுற்றிலிருந்து பெரியப்பா தவிர்த்து வந்த அடி அதுதான்.

அவர் மேஜையைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். குனிந்தார். ஸ்டிக்கை இரண்டு முறை முன்னும் பின்னும் நகர்த்தினார். நிறுத்தினார். நிமிர்ந்து, வலது கையை உதறிவிட்டு, மறுபடி குனிந்தார். அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டார். எனக்குத் தெரிந்து அவர் சொல்ல வந்ததை விழுங்கியது அன்றைக்குத்தான்.

பெரியப்பா உருட்டினார்.

வெள்ளை ஓரத்தோடு ஓரமாகப் போய் ஒன்பதைத் தொட்டது. தொட்ட சத்தம்கூடச் சரியாகக் கேட்கவில்லை. ஒன்பது நகர ஆரம்பித்தது. அது போன வேகத்துக்கு நாங்கள் ஐந்து பேரும் ஆளுக்கொரு வாழ்க்கையை யோசித்து முடித்திருக்கலாம். கடைசி இரண்டு சாணில் பெரியப்பாவின் இடது தோள் தானாக ஒரு பக்கம் சாய்ந்தது. பந்து சாயவில்லை. நேராகப் போய், குழியின் விளிம்பில் ஒரு மூச்சு நின்று, உள்ளே விழுந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் யாருக்கோ கை தட்டினார்கள்.

வக்கீல்தான் முதலில் வந்து கையைக் கொடுத்தார். "மேல்முறையீடு கிடையாது" என்றார். அவர் மனைவி பெரியப்பாவிடம், "நாளைக்கு ஒழுங்கா ஆடுங்கண்ணே. இல்லன்னா நான் மூணு நாள் யார்கிட்டயும் பேச மாட்டேன்" என்றார். செயலாளர் மாற்ற வேண்டிய அவசியமில்லாமல் போன அந்தத் தாளைக் கிழித்தார். கிழிப்பதற்கு முன் ஐந்து மணி ஆகிவிட்டதா என்று ஒரு முறை கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டார்.

அப்பா ஸ்டிக்கைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "ஏன் சகல, அந்த மூலையில இப்ப நான் எப்படி?"

"பழகணும்."

"எத்தனை நாள்?"

"பதினெட்டு வருஷம் ஆகாது."

*

பச்சைச் சட்டைக்காரர்களை ஏழுக்கு ஐந்து என்று ஜெயித்தார்கள். வக்கீல் தம்பதி எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு மெதுவான அடிக்கும் இருக்கையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்கள். மூன்றாவது ஆட்டம் போன வருடம் கோப்பை வாங்கிய நாட்டோடு. ஒருவர் வயதானவர், இன்னொருவர் அவருடைய மகள். அந்தப் பெண் ஆடியதைப் பார்த்து அப்பாவே பேச்சை நிறுத்திவிட்டார். ஏழுக்கு நான்கு. நாங்கள் ஊர் திரும்ப வேண்டியதுதான். பதினாறு நாடுகளில் பதினோராவது இடம்.

ஆட்டம் முடிந்து கூடத்தின் வாசலில், வெயிலில் நின்றுகொண்டிருந்தோம். பெரியம்மாவிடமிருந்து பெரியப்பாவுக்கு போன் வந்தது. அவர் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். காதில் வைத்தால் சிமென்ட் ஒட்டும் என்ற பழைய பழக்கம்.

"என்னங்க ஆச்சு?"

"தோத்துட்டோம்."

"ஐயோ. எதனால?"

"அவங்க நல்லா ஆடினாங்க."

"வேற ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்ல. அந்தப் பொண்ணு வெள்ளையை நிறுத்தறதை நீ பாத்திருக்கணும். வந்து சொல்றேன். ஏழுக்கு நாலு. நாலு எடுத்தோம் தெரியுமா, நாலும் நாங்களா எடுத்தது."

"பக்கத்துல பையன் இருக்கானா? அவன்கிட்ட குடுங்க" என்றார் பெரியம்மா. நான் போனை வாங்கினேன்.

"ஏண்டா, தோத்துட்டேன்னு இவ்வளவு சந்தோஷமா சொல்றாரு. நெத்தியைத் தொட்டுப் பாரு, காய்ச்சல் கீய்ச்சல் இருக்கப் போவுது."